85 கி.மீ. வேகத்துல கார் ஸ்டியரிங் நடுக்கம், வீல் பேலன்சிங் பண்ணியும் போகல

கேள்வி (நாகர்கோவில்):
ஆரல்வாய்மொழி பக்கம் நாலுவழிச் சாலையில கார் 85 கி.மீ. வேகம் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குது, 110 தாண்டினா அடங்குது. பிரேக் பிடிச்சா கூடல. ரெண்டு தடவை வீல் பேலன்சிங் (சக்கரத்தோட எடையைச் சுத்திலும் சமப்படுத்துறது) ஆச்சு. அடுத்து எதைப் பார்க்கணும்?

பதில் (தக்கலை):
பிரேக்கில் கூடாததால பிரேக் டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஸ்டியரிங் நடுங்கினா பெரும்பாலும் முன்சக்கரம். அதைப் பின்னால மாத்தி ஓட்டுங்க. நடுக்கம் சீட்டுக்கு வந்தா டயரோ ரிம்மோதான். பேலன்சிங் எடையைத்தான் சரிபண்ணும், கோணலை நிமிர்த்தாது. ஜாக்கி போட்டு, ரிம் விளிம்புக்குப் பக்கத்துல ஸ்க்ரூடிரைவரை அசையாமப் பிடிச்சு வீலைச் சுத்துங்க. இடைவெளி 1 மி.மீ.க்கு மேல மாறினா ரிம் நெளிஞ்சிருக்கு. டயர் ஓரத்துல புடைப்பு இருந்தா அந்த டயரை ஓட்டவே கூடாது.

பதில் (குளச்சல்):
தக்கலை அண்ணன் சொன்னதோட ஹப் முகத்தையும் (வண்டியில ரிம் போய் ஒட்டுற பரப்பு) பாருங்க. கடல்காத்துல ரிம் உட்காருற இடத்துல துரு செதில் செதிலா நிக்கும். பேலன்சிங் மெஷின்ல சரியாக் காட்டுற வீல், வண்டியில கோணலா உட்காரும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுடுறாங்க! கம்பி பிரஷ்ஷால பளிச்சுன்னு தேய்ங்க. நட்டை எதிரெதிரா, டார்க் ரெஞ்சுல (முறுக்கு அளவு காட்டுற ஸ்பானர்) மேனுவல் அளவுக்கு முறுக்குங்க.

பதில் (மார்த்தாண்டம்):
ஆக்சிலரேட்டரை மிதிச்சா நடுக்கம் கூடி, விட்டா குறைஞ்சா, உள்பக்க சிவி ஜாயின்ட் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டோட மூட்டு).