புதுப்பிப்பு: கண்ணாடியில் ஒட்டிய விக்ராந்த் படம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு முன்னாள் கடற்படை வீரர் வீட்டில், விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் எடுத்த குழுப்படம் ஒன்று பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, எப்படி எடுப்பது, எந்த ஆண்டு என்று கேட்டிருந்தேன். சங்கத்துக்கு வரலாறு தொகுக்கும் வேலை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது "பிரிக்கவே பிரிக்காதீர்கள்" என்ற யோசனைதான். இந்த உப்புக்காற்றில் ஊறிய படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிரேமைச் சுவரிலிருந்து இறக்கி, விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தேன். கேமராவுக்குப் பின்னால் கறுப்புப் போர்வையைப் பிடித்ததும் கண்ணாடியில் தெரிந்த என் நிழல் மறைந்தது. ஹேர் டிரையரால் சூடாக்கிப் பிரிக்கும் யோசனையை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

ஆண்டு? பின்னால் நிற்பது இறக்கை மடித்த சீ ஹாக் போர் விமானம். கப்பல் தளத்தின் முன்முனையும் தட்டை. சீ ஹாக்குக்கு அடுத்த சீ ஹாரியர் விமானம் 1983இல்தான் வந்தது, அது மேலெழும்ப முன்முனையில் வைத்த சரிவு மேடை அதற்கும் பிறகு. கப்பல் சேவைக்கு வந்தது 1961. ஆக, இந்த இடைவெளிக்குள். வீட்டார் 1971 போர்ச்சமயம் என்கிறார்கள். விக்ராந்த் அப்போது வங்கக்கடலில் இருந்தது உண்மைதான், ஆனால் படத்தில் அதற்குச் சாட்சி இல்லை. அதனால் "குடும்பத்தார் கூற்று" என்றே பதிந்தேன்.

எதிர்பாராதது: பின் அட்டையைக் கழற்றினால், வரிசைப்படி எல்லார் பெயரும் பென்சிலில், தமிழில்! அப்புறம் என்ன, அதையும் படமெடுத்துச் சேர்த்துவிட்டேன்.