முன்மருந்துப் பொதியும் மருந்துக்கூடும்: ஜெர்மானியக் கடற்பீரங்கிச் சொற்கள்

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

முதல் உலகப்போர்க் கால ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் பெரும்பீரங்கிகளில் குண்டுக்குப் பின்னே வைக்கப்பட்ட உந்துமருந்தைப் பொதுவாகத் ‘தோட்டா’ என்றே குறிக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. தோட்டா என்றால் குண்டும் மருந்தும் ஓர் உறைக்குள் இணைந்த துப்பாக்கித் தோட்டாவே நினைவுக்கு வரும். இங்கோ குண்டு தனி, மருந்து தனி. அம்மருந்தும் இரு பகுதி. ஹெல்கோலாண்ட், கைசர், கோனிக் வகைக் கப்பல்களின் 30.5 செ.மீ. பீரங்கியில் முதலில் 405 கிலோ குண்டும், அடுத்துப் பட்டுப்பையில் கட்டிய 34.5 கிலோ மருந்தும், கடைசியாகப் பித்தளைக் கூட்டில் அடைத்த 91 கிலோ மருந்தும் உள்ளே தள்ளப்பட்டன. பட்டுப்பையை ஃபோர்கார்ட்டூஷ என்றும் பித்தளைக் கூட்டை ஹௌப்ட்கார்ட்டூஷ என்றும் ஜெர்மானியர் வழங்கினர்.

முன்னதற்கு ‘முன்மருந்துப் பொதி’, பின்னதற்கு ‘மருந்துக்கூடு’ என்பன என் பரிந்துரை. ‘முதன்மை மருந்து’ என்பது சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தாலும், பித்தளையை மறைத்துவிடுகிறது. அந்தப் பித்தளைதான் இங்கு முக்கியம். பிரிட்டிஷார் பெரும்பீரங்கியின் பின்வாயை, அதாவது குண்டையும் மருந்தையும் உள்ளே தள்ளும் பின்புறத் திறப்பை, திருகி மூடினர். புகை பின்னே கசியாமலிருக்க அத்திருகிலேயே ஓர் அடைப்புத் திண்டு இருந்ததால், மருந்து முழுவதையும் பட்டுப்பையிலேயே வைக்க முடிந்தது. ஜெர்மானியருக்குப் பீரங்கி செய்த க்ரூப் நிறுவனத்தின் பீரங்கியிலோ பக்கவாட்டில் நகரும் ஆப்பு ஒன்று பின்வாயை மூடியது. அதில் அத்தகைய திண்டுக்கு இடமில்லை. வெடிக்கும்போது விரிந்து சுவரோடு ஒட்டும் பித்தளைக் கூடே அடைப்பாயிற்று. ஆகவே இவ்விரு அமைப்புகளையும் ‘திருகுப் பூட்டு’, ‘ஆப்புப் பூட்டு’ எனலாம். ஆப்பு என்ற சொல்லுக்கு இன்றைய பேச்சில் ஏறியிருக்கும் பொருளைக் கண்டு யாரும் தயங்க வேண்டாம். தச்சரும் கொல்லரும் வழங்கும் சொல் அது.

இந்த வேறுபாடு போர் வரலாற்றை எழுதவும் தேவைப்படும். 1915 ஜனவரி 24 அன்று வடகடலில் நடந்த டாகர் பாங்க் போரில் ஸைட்லிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க் குரூசரின் (பெரும்பீரங்கிகள் கொண்ட விரைவுப் போர்க்கப்பலின்) பின்பக்கப் பீரங்கி மேடை ஒன்றைத் தாக்கிய குண்டினால் மருந்து தீப்பற்றி, அடுத்த மேடைக்கும் பரவி, ஏறத்தாழ 160 பேர் இறந்தனர். ஆயினும் மருந்து எரிந்ததே தவிர வெடிக்கவில்லை, கப்பலும் துறைமுகம் திரும்பியது. மறு ஆண்டு ஜட்லாந்து கடற்போரில் இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் ஆகிய மூன்று பிரிட்டிஷ் போர்க் குரூசர்கள் வெடித்துச் சிதறின. இந்த வேறுபட்ட விளைவுக்குப் பித்தளைக் கூடு மட்டுமே காரணமன்று: மருந்தின் வேதியியல் அமைப்பும், அதைக் கையாண்ட முறையும் வேறாக இருந்தன. அவ்வாறு பகுத்துச் சொல்லவும், ‘பொதி எரிந்தது’, ‘கூடு எரிந்தது’ என்று தனித்தனியே எழுத நமக்குச் சொற்கள் வேண்டும்.

நீளக் குறியீட்டையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. பீரங்கியின் நீளம் அதன் குழல்துளை விட்டத்தைப் போல் 50 மடங்கு என்பதைக் குறிக்கும் ‘எல்/50’ என்பதை ‘50 விட்ட நீளம்’ எனலாம். ‘குழல்துளை நீளம்’ என்ற மாற்று வேண்டாம்: ஜெர்மானியர் பின்வாய் உட்படப் பீரங்கியின் முழு நீளத்தையும் கணக்கிட்டனர், துளையை மட்டும் அளந்தவர்கள் பிரிட்டிஷாரே.