வெடியதிர்வு, அசைவேகம், ஒருகண வெடிமருந்து: பட்டியலுக்குச் சில சொற்கள்

வணக்கம் ஐயா.

சுரங்க வெடிவேலைக்கான தமிழ்க் கலைச்சொற்கள் என்று நீங்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். சுரங்கப்பாதைக்காகப் பாறையில் வெடி வைக்கும்போது பக்கத்து வீடுகளில் தெரியும் அதிர்வுக்கு 'நில அதிர்வு' என்று போட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் மாற்றிவிடுங்கள். சுமத்ராவில் பூமி குலுங்கினாலும் நம் நாளிதழ்களில் இதே சொல்தான் வருகிறது. கோலாலம்பூரின் செராசிலோ செந்தூலிலோ அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர், 'நாளை பகல் நில அதிர்வு ஏற்படலாம்' என்ற அறிவிப்பைப் படித்தால் பதறிப்போவார். 'வெடியதிர்வு' என்று எழுதினால் எதனால் வந்த அதிர்வு என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அடுத்து, ஆங்கிலத்தில் peak particle velocity எனப்படும் அளவுக்கு நீங்கள் போட்டிருக்கும் 'உச்சத் துகள் திசைவேகம்'. பாடநூல்படி சரிதான். ஆனால் வெடியோடு சேர்த்துத் துகள் என்றால் பறக்கும் கல்தூள்தான் கண்முன் வரும். இங்கே நாம் அளப்பது நிலத்தின் ஒரு புள்ளி, இருந்த இடத்திலேயே எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை. உறுதியான கருங்கல் பாறையில் அலை நொடிக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடும்; அது கடந்துபோகும்போது புள்ளி அசைவதோ நொடிக்குச் சில மில்லிமீட்டர். ஓடுவது அலைவேகம், அசைவது அசைவேகம். அப்படியானால் நமக்கு வேண்டிய அளவு 'உச்ச அசைவேகம்'. 'திசைவேகம்' தமிழகத்துச் சொல், இலங்கையில் அதையே 'வேகம்' என்பார்கள். இந்தச் சொல்லில் அந்தச் சிக்கலும் இல்லை. யாப்பில் அசை வேறு என்று யாராவது சொல்லக்கூடும். சொல் வரும் இடமே பொருளைக் காட்டிவிடும் என்று நம்புகிறேன்.

அளக்கும் கருவிக்கு 'அதிர்வுமானி' போதும். வீட்டின் அடித்தளத்தை ஒட்டித் தரையில் சின்னப் பெட்டி ஒன்றைப் பதிப்பார்கள், அல்லது நகராமல் இருக்க மேலே மணல்மூட்டை வைப்பார்கள். பெட்டியில் இருக்கும் அம்புக்குறி வெடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நெடுக்கு, குறுக்கு, மேல்கீழ் என மூன்று கோடுகள் பதிவாகும். அவற்றில் உயர்ந்த முகட்டைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஜெர்மானியத் தரமான டின் 4150, அதிர்வெண் 10 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் குடியிருப்பு வீட்டின் அடித்தளத்தில் நொடிக்கு 5 மி.மீ., பழம்பெரும் கட்டடத்தில் 3 மி.மீ. என்று வழிகாட்டுகிறது. மனித உடம்புக்கு 1 மி.மீ.க்குக் கீழேயே தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர் பயப்படுவதும் உண்மை, சுவர் விரிசல் விடாது என்று பொறியாளர் சொல்வதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் பேசுவதற்குத்தான் நமக்கு நல்ல சொற்கள் வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது பட்டியலில் உள்ள 'தாமத வெடிப்பு' பற்றி. தாமதம் என்றால் ஏதோ கோளாறு, வெடிக்க வேண்டியது வெடிக்காமல் நின்றுவிட்டது என்ற எண்ணம் வரும். வெடிக்காமல் நின்ற குழி மிக ஆபத்தானது, அதற்கு இந்தச் சொல்லோடு ஒட்டாத தனிச்சொல் வேண்டும். இங்கே நடப்பது வேறு. பல குழிகளில் மருந்து நிரப்பி, ஒவ்வொன்றும் சில மில்லிநொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி, மருந்தைத் தூண்டிவிடும் டெட்டனேட்டர்களை அமைக்கிறார்கள். தீபாவளிக்கு நாம் கொளுத்தும் சரவெடி மாதிரிதான். எனவே 'சரவெடிப்பு' என்கிறேன். பண்டிகை வாடை அடிக்கிறது என்று தோன்றினால் 'இடைவிட்ட வெடிப்பு' என்று வையுங்கள், மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்த இடைவெளிக்குள் சேர்ந்து வெடிக்கும் மருந்தின் எடைக்குக் கட்டாயம் ஒரு சொல் வேண்டும். அதிர்வைக் குறைக்கும் பிடி அதில்தான் இருக்கிறது. மொத்தம் எத்தனை கிலோ என்பதைவிட ஒரே கணத்தில் எத்தனை கிலோ என்பதே முக்கியம். 8 மில்லிநொடியாவது தள்ளி வெடித்தால் தனித்தனி வெடியாகக் கணக்கிடுவது பழைய வழக்கம். 'ஒருகண வெடிமருந்து' என்று வைக்கலாமா? தூரத்தை இதன் வர்க்கமூலத்தால் வகுத்துத்தான் அதிர்வை முன்கூட்டி மதிப்பிடுகிறார்கள். 50 மீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு 25 கிலோ என்றால் விடை 10, அதையே 6.25 கிலோவாக்கினால் 20. இந்த விடையின் 1.6-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அதிர்வு குறையும் என்ற வழக்கமான கணக்கில், அதிர்வு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் கோலாலம்பூரின் சுண்ணாம்புப் பாறைக்குள் குகையும் மண் நிரம்பிய பள்ளமுமாக இருப்பதால், ஏட்டுக் கணக்கை நம்பாமல் சிறிய சோதனை வெடி வைத்து அளந்தாக வேண்டும்.

இங்கே சுரங்கம் என்றாலே வெள்ளநீருக்கும் வாகனங்களுக்குமாகக் கோலாலம்பூரில் 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம்தான் பலருக்கு நினைவு வரும். அதைக் குடைந்தது துளைப்பு இயந்திரம். 44.6 கி.மீ. நீளமுள்ள பகாங்–சிலாங்கூர் நீர்ச்சுரங்கத்தில் இயந்திரத்தோடு வெடியும் சேர்ந்தே வேலை செய்தது. அதனால் துளைப்பதற்கும் வெடிப்பதற்கும் பொதுவாகக் 'குடைவு' என்று வைப்பது நல்லது.

ஒரு சொல் எனக்கும் அமையவில்லை. சுரங்க முகப்பின், அதாவது குடைந்து முன்னேறும் பாறைச்சுவரின், நடுவில் முதலில் வெடிக்கும் குழிகளுக்குப் பாறை விலக இடமே இருக்காது. நாலு பக்கமும் இறுக்கம். அதிர்வு பெரும்பாலும் அங்கேதான் உச்சத்தைத் தொடும். அதனால் நடுவில் மருந்து வைக்காத பெரிய துளைகளைப் போட்டு இடம் கொடுக்கிறார்கள். இந்தத் தொகுதியைத் 'திறவுக்குழிகள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கிணற்று வேலையில் துளைக்குத் 'தமர்' என்ற சொல் உண்டே, 'திறவுத்தமர்' என்றால் இளையவர்களுக்குப் புரியுமா? குழுவில் கல்லுடைக்கும் தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வாயில் வழங்கும் சொல்லைக் கேட்டுச் சொல்லுங்கள் ஐயா. அதையே எடுத்துக்கொள்வோம்.