40 டெராபைட் திருமணப் படங்களுக்குக் காப்பு நகல்

கேள்வி: 15 ஆண்டுகளாக நான் எடுத்த திருமணப் படங்களும் காணொளிகளும் 40 டெராபைட்டைத் தாண்டி, பல வட்டுகளை ஒன்றாக இணைத்த ஒரே ரெய்டு பெட்டியில் இருக்கின்றன. இதற்கு மேலும் காப்பு நகல் தேவையா?

மறுமொழி 1: கட்டாயம் தேவை, ஐயா. ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் ரெய்டு காக்குமே தவிர, தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்டுத் தராது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்பதே பழைய கணக்கு.

மறுமொழி 2: தரவு சேமிக்கும் எல்டிஓ-9 காந்த நாடா ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும், ஆனால் அதில் எழுதும் கருவி யானை விலை என்பதால், உங்கள் அளவுக்கு வெளி வட்டுகளே போதும் என்பது என் கருத்து. நகலெடுத்தவுடன் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஷா-256 மதிப்பைக் குறித்துவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டால், ஓசையின்றிச் சிதைந்த கோப்பு அகப்பட்டுவிடும்.

கேட்டவர்: நன்றி. ஒரு தொகுதியைத் தங்கை வீட்டில் வைக்கிறேன்.