விசிட்டிங் கார்டில் ஜிமெயில் முகவரி: வியாபாரத்துக்கு அது குறையா?

புறக்கோட்டையான்:
புறக்கோட்டையில் எங்களுக்குத் துணி மொத்தக் கடை ஒன்று இருக்கிறது. விசிட்டிங் கார்ட் முடிந்துவிட்டதால் புதிதாக 1000 அடிக்கக் கொடுக்கவிருக்கிறோம். கடையின் மின்னஞ்சல் 2009 இல் திறந்த ஜிமெயில் முகவரிதான், இதுவரை அதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. சென்ற மாதம் தென்பகுதி ஹோட்டல் ஒன்றுக்குப் படுக்கை விரிப்புகளுக்கான கொட்டேஷன் அனுப்பினேன். அவர்களுடைய கொள்முதல் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, "கொம்பனி மின்னஞ்சலிலிருந்து திரும்ப அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்பாவோ, ஆட்கள் கடையைப் பார்த்து வருகிறார்களா, முகவரியைப் பார்த்து வருகிறார்களா என்று கேட்கிறார். கார்டில் எதை அடிப்பது?

கணக்குப்புத்தகம்:
உங்கள் அப்பா சொல்வது கடைக்கு வருகிறவர்களைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. ஆனால் அந்த ஹோட்டல்காரர் உங்கள் கடையின் படியில் கால் வைக்கப் போவதில்லை. அவருக்குக் கடை என்பது அந்த மின்னஞ்சல் மட்டும்தான். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பல கொம்பனிகளின் கணக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் கேட்டது பகட்டுக்காக அல்ல. உங்கள் கடையின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் திறக்க எவருக்கும் ஐந்து நிமிடம் போதும். பெயருக்கு நடுவில் புள்ளி வைத்து ஏமாற்ற முடியாது, ஏனென்றால் ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கடைசியில் ஓர் இலக்கத்தையோ 'எல்கே' என்பதையோ சேர்த்தால் அது வேறு முகவரி. அதிலிருந்து உங்கள் இன்வொய்ஸ் போலவே ஒன்று, வங்கிக் கணக்கிலக்கம் மட்டும் மாறிப் போனால், பணம் கட்டுகிறவர் எதை வைத்து வேறுபாட்டைக் கண்டுபிடிப்பார்? சொந்த டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும், கடை தனக்கென்று பதிந்துகொள்ளும் பெயரின், கீழ் முகவரி திறக்க அதன் உரிமையாளரால் மட்டுமே முடியும்.

பஞ்சிகாவத்தை:
ஐயா, மோசடி செய்ய வருகிறவனுக்கு டொமைன் வாங்கத் தெரியாதா? ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்தையும் ஒட்டி எழுதினால் 'எம்' மாதிரியே தெரியும். அப்படி ஒரு டொமைனை அவன் வாங்கிவிட்டால், "கொம்பனி முகவரியிலிருந்துதான் வந்தது" என்ற நம்பிக்கையே அவனுக்கு வேலையை இலகுவாக்கிவிடும். நான் வாகன உதிரிப்பாகம் விற்கிறேன். வாடிக்கையாளர் தேய்ந்துபோன பாகத்தைக் கையில் பிடித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இருக்கிறதா, என்ன விலை என்று பத்து நிமிடத்தில் பதில் போகிறது. அவர் மதிப்பது அந்தப் பத்து நிமிடத்தை. அலங்காரமான முகவரி வைத்திருந்து மூன்று நாட்களாகியும் பதில் எழுதாத கொம்பனிகளை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

செலவையும் யாரும் பேசுவதில்லை. சொந்த டொமைனில் மின்னஞ்சல் தபாற்பெட்டி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு டொலர் என்று கட்டத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய்க்குப் போனதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா?

கணக்குப்புத்தகம்:
மறக்கவில்லை. ஆனால் இலங்கைக்குரிய '.எல்கே' டொமைனுக்கு ரூபாயிலேயே கட்டலாம். அதற்கு வரும் மின்னஞ்சலை இருக்கிற ஜிமெயிலுக்கே திருப்பிவிட்டால் தபாற்பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டியதுமில்லை. என் வாதத்தின் முக்கியமான பகுதி தோற்றம் பற்றியதே அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் ஜிமெயில் கணக்கைத் திறந்தவர் அங்கிருந்த கிளார்க். மீட்பு இலக்கமாகக் கொடுத்தது தன்னுடைய கைத்தொலைபேசி இலக்கத்தை. அவர் வேலையை விட்டுக் கட்டார் போய்விட்டார். ஒருநாள் கணினி பழுதாகி, புதிய கணினியில் கடவுச்சொல் கேட்டபோது, முதலாளி உட்பட ஒருவருக்கும் அது தெரியவில்லை. மீட்புக் குறியீடு போனதோ பாவனையில் இல்லாத இலக்கத்துக்கு. எட்டு வருட ஓடர்கள், விலை பேசிய கடிதங்கள், கணக்காய்வுக்கு நான் கேட்ட ஆவணங்கள், எல்லாம் பூட்டிய அறைக்குள். சொந்த டொமைனாக இருந்திருந்தால் அன்றைக்கே அந்த முகவரிக்கு வருவதை வேறு பெட்டிக்குத் திருப்பியிருக்கலாம்.

பஞ்சிகாவத்தை:
அது கிளார்க்கின் கதை. இலவச முகவரியின் கதையல்ல. கொட்டாஞ்சேனையில் என் மைத்துனருக்கு நடந்ததைக் கேளுங்கள். இணையத்தளம் செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருந்தான். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் அவனுக்குப் போயின, அவன் அந்தத் தொழிலையே விட்டுவிட்டிருந்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் மின்னஞ்சல் வருவது நின்றுபோனது. லொறியின் இரண்டு பக்கமும் அந்த முகவரியைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார், பாவம். '.கொம்' டொமைன் காலாவதியானால் சில வாரச் சலுகைக் காலமும், அதன்பின் மேலதிகக் கட்டணத்தோடு மீட்க 30 நாட்களும் கிடைக்கும். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவனுக்கு உங்கள் பெயருக்கு வரும் கடிதங்களும் சேர்ந்தே போகும். ஜிமெயிலில் அழித்த முகவரியைக்கூட கூகுள் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. இதில் எது பாதுகாப்பானது?

கணக்குப்புத்தகம்:
கடைசி விடயம் ஜிமெயிலுக்குப் பொருந்தும், இலவச முகவரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. யாஹூ 2013 இல், நீண்ட காலம் பாவிக்காத பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. ஆனாலும் மைத்துனரின் கதை நியாயமான எச்சரிக்கை. டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது என்று நான் இனி என் வாடிக்கையாளர்களிடம் கேட்பேன்.

வலைப்பின்னல்:
பம்பலப்பிட்டியில் கணினி வேலை செய்கிறேன். இருவரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். டொமைன் வாங்கினால் மட்டும் கடிதம் போய்ச் சேராது. இந்த டொமைனின் பெயரில் எந்தச் சேர்வர் (மின்னஞ்சல் அனுப்பும் கணினி) அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப், கடிதத்தில் கையொப்பமிடும் டிகேஐஎம், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிறவருக்குச் சொல்லும் டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் போட வேண்டும். 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது. சிறிய அனுப்புநரிடமும் முதலிரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இவை இல்லாத புதிய டொமைனிலிருந்து போகும் கொட்டேஷன் ஸ்பாமில் கிடக்கும், அதே கொட்டேஷன் சாதாரண ஜிமெயிலிலிருந்து நேரே உள்பெட்டிக்குப் போகும். கணக்காளர் ஐயா சொன்ன திருப்பிவிடும் முறையிலும் சிக்கல் உண்டு: திருப்பிவிடும்போது எஸ்பிஎஃப் சரிபார்ப்பு உடைந்துபோவதால், வர வேண்டிய சில கடிதங்கள் தவறக்கூடும். பாதி செய்த டொமைனைவிட ஒழுங்கான ஜிமெயில் எவ்வளவோ மேல்.

அதற்காக நான் பஞ்சிகாவத்தை அண்ணாவின் பக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஹோட்டலைப் போல் நாளை நான்கு பேர் கேட்பார்கள்.

புறக்கோட்டையான்:
'.எல்கே' எடுப்பதா, '.இலங்கை' எடுப்பதா? கடையின் பெயர்ப்பலகை தமிழிலும் இருப்பதால் கேட்கிறேன்.

வலைப்பின்னல்:
'.இலங்கை' 2010 முதல் இருக்கிறது. பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழெழுத்து முகவரிக்கு அனுப்ப, பெற, இரு பக்க மென்பொருளும் அதை ஏற்க வேண்டும். ஹோட்டலின் கணினி ஏற்குமா என்பதை உங்கள் கொட்டேஷனை வைத்தா பரீட்சிப்பது? '.எல்கே' எடுங்கள்.

பஞ்சிகாவத்தை:
ஹோட்டலுக்கு விற்க விரும்பினால் எடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. நான் மாற்றப் போவதில்லை. என் முகவரி என்னுடைய பழைய பில் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அச்சாகி, தீவு முழுவதும் கராஜ் மேசைகளில் கிடக்கிறது. நீங்களும் 2009 ஆம் ஆண்டு முகவரியை மூடிவிடாதீர்கள். உள்நுழையாமல் இரண்டு வருடம் விட்டால் கூகுள் கணக்கை அழித்துவிடக்கூடும். பழைய வாடிக்கையாளர் எழுதும் கடிதம் திரும்பிப் போகும்.

புறக்கோட்டையான்:
அப்பா ஒருவாறு சம்மதித்துவிட்டார். டொமைனை வியாபாரப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே எடுக்கிறோம். நினைவூட்டல் வருவதற்கு அப்பாவின் இலக்கத்தையும் என் இலக்கத்தையும் கொடுத்திருக்கிறேன். கடவுச்சொல்லை அவர் தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார், அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. கார்டில் இரண்டு முகவரியும் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதனால் 1000 வேண்டாம், முதலில் 250 மட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கணக்குப்புத்தகம்:
புதியதை மேலே போடச் சொல்லுங்கள்.