24 மணி நேர யூரின் டெஸ்டில் 65: அம்மா கிட்னி கொடுக்க முடியுமா?

அல்சூர் அண்ணன்:
தம்பிக்கு அம்மா கிட்னி கொடுப்பதாக இருக்கிறது. இருவருக்கும் ஓ பாசிட்டிவ், கிராஸ்மேட்ச் (தம்பியின் ரத்தம் அம்மாவின் செல்களை எதிர்க்குமா என்ற டெஸ்ட்) நெகட்டிவ். அம்மாவுக்கு வயது 52, எடை 58 கிலோ, ரத்தத்தில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவு) 0.7. ஆனால் 24 மணி நேர யூரின் டெஸ்டில் கிளியரன்ஸ் (கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு) 65 என்று வந்திருக்கிறது (யூரின் 1,100 மில்லி, அதில் கிரியாட்டினின் 60). வெறும் வயிற்றில் சர்க்கரை 108. அம்மாவின் கிட்னி வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்களா?

லேப் டெக், பெங்களூர்:
அந்த 65-ஐ இப்போதைக்கு நம்பாதீங்க. 100 மில்லிக்கு 60 மி.கி. என்றால் 1,100 மில்லியில் 660 மி.கி. எடையால் வகுத்தால் கிலோவுக்கு 11 சொச்சம்தான். பெண்களுக்கு ஒரு நாளில் கிலோவுக்கு 15 முதல் 20 வரை வெளியேறணும். சதை குறைந்த உடம்பென்றால் கொஞ்சம் குறையலாம். 0.7 கிரியாட்டினின் உள்ள 52 வயதுப் பெண்ணுக்கு இ-ஜிஎஃப்ஆர் (ரத்தக் கிரியாட்டினினை வைத்துக் கிட்னியின் வேலையை மதிப்பிடும் கணக்கு) 100-ஐத் தாண்டும். ஆகவே யூரின் முழுசா கேனுக்குள் வரவில்லை என்றே படுகிறது.

திரும்பப் பிடிங்க. காலை 6 மணிக்குப் போகும் முதல் யூரினை டாய்லெட்டிலேயே விட்டுடணும், நேரம் அங்கிருந்துதான் ஆரம்பம். அதன்பின் எல்லாமே கேனில், மறுநாள் 6 மணிக்குப் போவதும் சேர்த்து. பலர் கோட்டை விடுவது மலம் கழிக்கப் போகும்போது: முதலில் ஒரு மக்கில் யூரினைப் பிடித்துக்கொண்டு அப்புறம் உட்காரணும். அன்றைக்கு வெளியே கிளம்பவே வேண்டாம். முந்தின ராத்திரி கறி வேண்டாம், ரத்தக் கிரியாட்டினின் ஏறிடும்.

டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர்:
இன்னொன்று: யூரின் குறைந்தால் அதே கேனில் பார்க்கும் ஆல்புமினும் (யூரினில் கசியும் புரதம்) குறைச்சலாகத்தான் காட்டும். ஒரு நாளுக்கு 30 மி.கி.க்குள் இருந்தால் சரி, 100-ஐத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பாதிக் கேனை வைத்து "ஆல்புமின் நார்மல்" என்று நிம்மதியடைவது அம்மாவுக்குத்தான் ஆபத்து.

கிளியரன்ஸ் 90-க்கு மேல் என்றால் பிரச்சினை இல்லை, 60-க்குக் கீழே கூடாது, நடுவில் என்றால் டாக்டர்கள் வயது, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். டிடிபிஏ ஸ்கேனில் (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் கிட்னி ஸ்கேன்) இரண்டு கிட்னியும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் என்றால் பலவீனமானதையே எடுப்பார்கள், நல்லது அம்மாவிடம் இருக்கணும். சமமென்றால் பெரும்பாலும் இடது, அதன் சிரை நீளம். ரத்தக்குழாய் எத்தனை என்பதை சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) சொல்லும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 108-ஐ விட்டுடாதீங்க, அது நார்மலைவிடக் கொஞ்சம் அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கணும். 140-க்குள் இருந்தால் நிம்மதி, 200 தொட்டால் அது சர்க்கரை நோய்.

அல்சூர் அண்ணன்:
ரொம்ப நன்றி. திரும்பப் பிடிக்கிறோம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் நடத்தும் இன்டர்வியூவில் நான் மொழிபெயர்க்கலாமா?

டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர்:
வேண்டாம். அம்மா, சட்டப்படி நெருங்கிய உறவு. ஆனாலும் அவங்க சொந்த விருப்பமா என்று தனியாகக் கேட்கணும். தமிழ் தெரிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. மனநல டாக்டரைப் பார்க்கும் நாளிலும் அதே ஏற்பாடு வேணும்.