ஓதச் சுவர், இடிக்கிற வாசக்கதவு, பழைய தேக்கு ஜன்னல்: மழைக்கு முன்னாடி எதை முதல்ல எடுக்கலாம்?

சனிக்கிழமைத் தச்சன்:

தாம்பரம் பக்கம் தரைத்தள வீடு, 2003ல கட்டினது. செங்கல் சுவர், சுவருக்குள்ள ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப். எல்லாரும் வீட்ல இருக்கும்போதே வேலை நடக்கணும், சனி ஞாயிறுதான் கை ஒழியும். இப்ப செப்டம்பர் முதல் வாரம், மூணு வேலை நிக்குது.

படுக்கையறைச் சுவர்ல தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் பொருக்கு விட்டு வெள்ளையா உப்புப் பூக்குது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மத்த சுவர் எதுலயும் இல்லை. அந்தச் சுவரை ஒட்டி நின்ன பிளைவுட் அலமாரியோட பின்பலகை உப்பிப்போச்சு.

வாசக்கதவு தேக்கு, 3 அடிக்கு 7 அடி, நாலு பலகை கோர்த்த சட்டக் கதவு. பூட்டுப் பக்கத்து மேல் மூலை நிலையில இடிக்குது, அதே பக்கத்துக் கீழ் மூலை தரையை உரசுது. மேல 4 மி.மீ. இழைச்சு எடுத்துடலாமா?

அப்புறம், கழட்டி வச்ச நாலு தேக்கு ஜன்னல் கதவு. சட்டம் 3 அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குல கனம். மேல மூணு நாலு கோட் பழைய ஆயில் பெயிண்ட். இதுல வராந்தாவுக்கு 4 அடி பெஞ்ச் பண்ணணும். கையில டிரில், 4 அங்குல கிரைண்டர், இழைப்புளி, ரெண்டு உளி, நாலு கிளாம்ப் இருக்கு.

தீபாவளிக்குள்ள அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சுடணும்னு வீட்ல சொல்றாங்க. எந்த வரிசையில போகலாம்?

கரணை:

முதல் வேலை சுவர்தான். ஆனால் தீபாவளிக்குள் அதற்குப் பெயிண்ட் அடிக்க முடியாது. இதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஈரச் சுவரில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த கோடைக்குள் மறுபடி பொருக்கு விடும், இரண்டாவது முறையும் அதே செலவு.

அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதமாக இருந்தால் மற்ற சுவர்களிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் தெரியும். ஒரே சுவர், அதுவும் குளியலறைச் சுவர் என்றால் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. சப்ளை பைப்பா, தரையா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் உளியைத் தொட வேண்டும். டைல்ஸை உடைத்துத் தேடுவது கடைசி வழி.

பைப்பைச் சோதிக்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் போதும். டேங்கிலிருந்து குளியலறைக்கு வரும் வால்வை மூடுங்கள். ஷவரைக் கழற்றி அந்த வாயில் டியூபை இறுக்கமாக மாட்டி, சுவரோடு நேராக மேலே நிறுத்தி, தண்ணீர் நிரப்பிப் பேனாவால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் லைன் ஒழுகுகிறது. மட்டம் ஏறினால் வால்வு சரியாக மூடவில்லை, முதலில் அதை மாற்றுங்கள். மிக்சரில் சுடுதண்ணீர்ப் பக்கத்தையும் தனியாகத் திறந்து வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். கீசர் லைனை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பல வீடுகளில் ஒழுகுவது அதுதான்.

லைன் நன்றாக இருந்தால் அடுத்தது தரை. பிளாஸ்டிக் பையில் ஈர மணலைக் கட்டி நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை) அடைத்து, ஒரு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். ஆவியாகிப் போவது சில மி.மீ.தான். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் டிராப்பைச் சுற்றியோ, சுவரும் தரையும் சேரும் மூலையிலோ வழி இருக்கிறது.

அந்தச் சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் அந்தச் சர்க்கியூட்டை இன்றே அணைத்து வையுங்கள்.

படுக்கையறைப் பக்கம் வாட்டர்புரூஃப் பூச்சு அடிக்கச் சொல்பவர்கள் வருவார்கள். வேண்டாம். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் அடித்த பூச்சு தோலாக உரிந்து வரும், ஓதமும் அதைத் தாண்டி இன்னும் மேலே ஏறும்.

இழைப்புளி:

கதவை இழைக்காதீங்க. நீங்க சொல்ற இடியும் உரசலும் மரம் ஊதினதால வர்றது இல்லை.

கணக்கு இதுதான். மரம் அகலவாக்குல ஊதும், நீளவாக்குல அநேகமா அசையாது. சட்டக் கதவுல நடுப்பலகைங்க காடிக்குள்ள சும்மா மிதக்கும். குறுக்குச் சட்டம் நீளவாக்குல கிடக்கு. அதனால கதவோட அகலம் கூடணும்னா ரெண்டு ஓரச் சட்டம் மட்டும்தான் ஊதணும். சட்டம் 4 அங்குலம்னு வச்சா ரெண்டும் சேர்ந்து 200 மி.மீ. மழையில மரத்தோட ஈரம் 4 சதவீதம் கூடினாக்கூட தேக்கு அந்த அகலத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் விரியும். அதுவும் மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா இடிக்கும். மேல் மூலை மட்டும் 4 மி.மீ. இடிச்சு, கீழ் மூலை தரையில உரசினா கதவு தொங்கிடுச்சுன்னு அர்த்தம். மேல் கீல் தளர்ந்திருக்கு.

கதவைப் பாதி திறந்து வச்சு கைப்பிடியைப் பிடிச்சு மேல தூக்குங்க, மேல் கீல்ல ஆட்டம் தெரியும். மூடி வச்சு கீல் பக்க இடைவெளியை மேலயும் கீழயும் அளந்து இங்க போடுங்க.

இப்ப இழைச்சுட்டு அப்புறம் கீலை இறுக்கினா மேல் மூலையில 4 மி.மீ. சந்து நிரந்தரமா நிக்கும். தேக்குல எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

சனிக்கிழமைத் தச்சன்:

டியூப் மட்டம் ஒரு மணி நேரத்துல ஒரு சாண் இறங்குது. சுடுதண்ணீர்ப் பக்கத்தை மூடிட்டுப் பார்த்தா அசையலை.

கதவு: கீல் பக்கம் மேல இடைவெளி 6 மி.மீ., கீழ 2. மேல் கீல்ல நிலைப் பக்கத்து மூணு திருகு சும்மா சுத்துது.

இழைப்புளி:

அப்ப ஒரு மாலை வேலைதான். கதவைத் திறந்து, பூட்டுப் பக்கத்துக்கு அடியில ஆப்பு வச்சுத் தூக்கி நிறுத்துங்க. திருகை ஒவ்வொண்ணாக் கழட்டுங்க, மூணையும் சேர்த்துக் கழட்டினா கதவு கீழ் கீலைப் பிச்சுட்டு வரும். ஓட்டையை 8 மி.மீ. பிட்டால சுத்தமாத் துளைச்சு, அதே கனத்துல சீவின தேக்குக் குச்சியை ஃபெவிகால் தடவி அடிச்சு இறக்குங்க. தீக்குச்சி திணிக்கிற பழக்கம் சின்னக் கதவுக்குச் சரி, 3 அடி தேக்குக் கதவோட எடைக்குத் தாங்காது.

ஒரு ராத்திரி காய்ஞ்சதும் குச்சியைச் சமமாச் சீவிட்டு 3 மி.மீ. பிட்டால வழித்துளை போடுங்க. நிலையோட கனம் 3 அங்குலம் இருந்தா நடுத் திருகு மட்டும் இரண்டரை அங்குலம் போடுங்க, பழைய ஓட்டையைத் தாண்டிப் புது மரத்தைப் பிடிக்கும். பித்தளைத் திருகு போடறதா இருந்தா முதல்ல அதே சைஸ் இரும்புத் திருகை ஏத்தி மரை வெட்டிட்டு, அதை எடுத்துட்டுப் பித்தளையை மெழுகு தடவி ஏத்துங்க. நேரா ஏத்தினா தலை முறிஞ்சு உடம்பு உள்ள மாட்டிக்கும்.

கதவைக் கழட்டற வேலை வந்தா மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்க. பாலிஷ் போடறவங்க அங்க தூரிகையே வைக்க மாட்டாங்க. மரம் ஈரத்தை அதிகம் குடிக்கிறது வெட்டு முனையிலதான், ஓரச் சட்டத்தோட முனை ரெண்டும் அங்கதான் இருக்கு. ரெண்டு கை வார்னிஷ் கொடுத்துட்டு மாட்டுங்க.

கரணை:

அப்போது ஒழுகுவது சுடுதண்ணீர் லைன். 20 வருட ஜிஐயில் ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போயிருந்தால் மற்ற மரைகளும் அதே நிலையில்தான் இருக்கும், ஒரு இணைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டைல்ஸை உடைக்க மனமில்லை என்றால் பழைய லைனின் இரண்டு முனையையும் எண்ட் பிளக் போட்டு அடைத்து அப்படியே விட்டுவிட்டு, கீசரிலிருந்து மிக்சர் வரை புது சிபிவிசி பைப்பை (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) சுவருக்கு வெளியே கிளிப் போட்டு ஓட்டலாம். பார்வைக்குக் கொஞ்சம் குறை, ஆனால் நாளைக்கு ஒழுகினால் கண்ணில் படும். உலோக மரை சேரும் இடங்களில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் வாங்குங்கள். முழு பிளாஸ்டிக் மரை கீசர் சூட்டில் விரிந்து சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். ஒட்டி ஒரு நாள் விட்ட பிறகு தண்ணீரைத் திறங்கள், பிறகு அதே டியூப் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

சுவருக்கு வருவோம். ஓதக் கறை முடியும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி மேலே வரை பூச்சைக் கொத்தி, செங்கல் தெரியும்படி விடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுவதை அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள் போய்விடும். பிறகு காத்திருப்புதான். 9 அங்குலச் சுவர் உலர மாதக்கணக்காகும், அதிலும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் காற்றே ஈரமாக இருக்கும். உப்பு பூக்கப் பூக்க வாரம் ஒரு முறை தேய்த்து எடுங்கள். பூப்பது நின்றதும் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்க்கவில்லை என்றால் சுவர் தயார்.

பூச்சு 1:4, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். வாட்டர்புரூஃபிங் திரவம் பொதுவாக 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி, ஆனால் டப்பாவில் போட்ட அளவையே பின்பற்றுங்கள். 7 நாள் தண்ணீர் விட்டு, 28 நாள் ஆறவிட்டு பிரைமர். ஜிப்சம், பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எதுவும் அந்தச் சுவர் பக்கமே வரக்கூடாது. என் கணக்கில் தை முடியும்போதுதான் பெயிண்ட். தீபாவளிக்கு மற்ற மூன்று சுவரையும் அடித்துவிட்டு இந்த ஒன்றை விட்டுவையுங்கள்.

பழமரம்:

பெஞ்சைப் பத்திச் சொல்றேன். முதல்ல அந்தப் பெயிண்ட். வீட்டுப் பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக்கூடாதுங்கற விதி இந்தியாவில அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 1ல. உங்க ஜன்னல் 2003. காரீயம் இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் வேலை பார்க்கணும். கிரைண்டர்ல உப்புத்தாள் வட்டு மாட்டி ஓட்டினா அந்தத் தூசி வீடு முழுக்கப் படியும், குழந்தைங்க இருந்தா இன்னும் ஆபத்து. ஹீட் கன்னும் வேண்டாம், அதிகச் சூட்டுல புகையாவே வரும். மொட்டை மாடியில, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறினதும் சுரண்டியால வழிங்க. மிச்சத்தைத் தண்ணீர் தொட்டுத் தண்ணீர்த்தாளால தேய்ங்க. கையுறை, என்95 மாஸ்க் கட்டாயம். வழிச்சதைப் பையில கட்டுங்க, செடிக்குப் பக்கத்துல கொட்டாதீங்க.

அடுத்து ஆணி. காந்தத்தை மெதுவா மேல ஓட்டினா புதைஞ்ச ஆணி, கீல் திருகு எல்லாம் பிடிபடும். ஒரு ஆணி போதும் இழைப்புளி அலகுல பள்ளம் விழ. தேக்குலயே சிலிக்கா இருக்கறதால அலகு வேகமா மழுங்கும், அரை மணிக்கொரு தடவை தீட்ட வேண்டியிருக்கும்.

உட்கார்ற பலகைக்கு நாலு சட்டம் பக்கவாட்டுல ஒட்டினா இழைப்புக்குப் போக 11 அங்குலம் நிக்கும். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம், என்னைக்கோ இழைச்ச விளிம்புல பசை பிடிக்காது. இழைச்ச அன்னைக்கே, தின்னர் தொட்ட துணியால விளிம்பைத் துடைச்சு, அது ஆவியானதும் ஒட்டணும். வராந்தாங்கறதால தண்ணீர் தாங்கற மரப்பசை வாங்குங்க. நாலு கிளாம்ப் இருக்கே, ஒண்ணை மேல ஒண்ணைக் கீழன்னு மாத்தி மாத்திப் போட்டா பலகை வில்லா வளையாது.

பலகையைக் காலோட பசை போட்டு இறுக்கிடாதீங்க. 280 மி.மீ. அகலம் மழைக்கும் கோடைக்கும் நடுவுல 2 மி.மீ. அசையும். குறுக்குச் சட்டத்துல நடு ஓட்டையை மட்டும் திருகு அளவுக்குப் போட்டு, ரெண்டு பக்க ஓட்டையையும் அகலவாக்குல நீட்டிக் காடியா வெட்டுங்க. அடியிலிருந்து வாஷரோட திருகு போடுங்க. இல்லைன்னா மே மாசம் பலகை நடுவுல பிளக்கும்.

கிரைண்டர்ல மரம் வெட்டற பல் வட்டு மாட்டாதீங்க. ஊர்ல பாதிப் பேர் மாட்டறாங்க, அதுக்காக அது சரியாகிடாது. பல் சிக்கினா மெஷின் முகத்துக்கும் தொடைக்கும்தான் எகிறும், அதுல மெஷினை மரத்து மேல ஊன்றி நிறுத்த அடித்தட்டு கிடையாது. நாலு சட்டம் வெட்டக் கைவாள் போதும்.

மேல்பூச்சுக்கு லின்சீட் ஆயில் போட்டா, துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அது காயும்போது தானா சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர்ல நனைச்சு, விரிச்சு வெளியில காயப்போடுங்க.

சனிக்கிழமைத் தச்சன்:

நன்றி. அப்ப இந்த வாரம் லைன், அது ஒட்டிக் காயற நேரத்துல கதவுக் கீல். அடுத்த வாரம் சுவரைக் கொத்திட்டு, அது காயற மாசங்கள்ல பெஞ்ச். சரிதானே? இன்னொண்ணு: தை மாசம் அலமாரியைத் திரும்ப அதே இடத்துல வைக்கலாமா? பின்பலகைக்கு என்ன பிளைவுட்?

இழைப்புளி:

வரிசை சரி. சுவர் கொத்தற ரெண்டு நாளும் மரவேலையைத் திறக்காதீங்க, சிமெண்ட் மண் பலகையில ஒட்டினா அலகு போச்சு. பெயிண்ட் வழிக்கிறது, ஒட்டறது, வார்னிஷ் போட்டா அது, எல்லாத்தையும் மழைக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, ஈரக்காத்துல வார்னிஷ் வெளுத்துப் போகும்.

பின்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள 6 மி.மீ. மரைன் பிளைவுட் எடுங்க. ஆனா மரைன் பிளைவுட்டும் ஈரச் சுவரோட ஒட்டி நின்னா பூஞ்சை பிடிக்கும். வெட்டின நாலு விளிம்புக்கும் பிரைமர் ரெண்டு கோட் கொடுத்து, அலமாரிக்கு அடியில 3 அங்குல பிவிசி கால் வச்சு, சுவர்லேருந்து 2 அங்குலம் தள்ளி நிறுத்துங்க. கீழயும் மேலயும் திறந்திருந்தாத்தான் பின்னாடி காத்து ஓடும். ஸ்கர்டிங் பலகை போட்டு அடிப்பக்கத்தை மூடிடாதீங்க.